எதுவானாலும் ஜனவரிக்குப் பிறகு

சாஸ்கடூன், கனடா
10 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி அரவிந்தன் எழுதுவது. நீயும் கஜபதி மாமாவும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நான் வாட்ஸ்அப்பை எடுத்துவிட்டதில் உனக்குக் கோபம் இருக்கும். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் குரலைப் போனில் கேட்டால் இரண்டு நாளைக்கு எனக்குக் கால் எழும்புவதில்லை. போன செப்டம்பரில் பந்தயத்துக்கு முந்தின நாள் நீ போன் செய்து, அம்மா பாத்ரூமில் விழுந்துவிட்டாள் என்று சொன்னாய். மறுநாள் அறுபதாவது கிலோமீட்டரில் நான் புல்மேல் உட்கார்ந்துவிட்டேன். ஆறு மாதப் பயிற்சி வீண். கடைசியில் பார்த்தால் அம்மாவுக்கு வெறும் சுளுக்கு.

இந்த வருஷம் அப்படி ஆகக் கூடாது. இங்கே ஒரு தொடர் பந்தயம் வைக்கிறார்கள். வசந்தத்தில் ஒன்று, கோடையில் ஒன்று, இலை உதிரும்போது ஒன்று, கடைசியாக ஜனவரிப் பனியில் ஒன்று. நான்கையும் முடிப்பவருக்கு ஒரு பித்தளை பெல்ட் பக்கிள் தருவார்கள். சிரிக்காதே. இந்த ஊரில் அதை வைத்திருப்பவர்கள் முப்பது பேர்கூடக் கிடையாது. பந்தயம் என்றால் தார் ரோட்டில் இல்லை. ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் புல்வெளியிலும் மாடும் மானும் போட்ட ஒற்றையடிப் பாதையில். இப்போது பனி உருகத் தொடங்கிவிட்டது. ஆற்றின் மேல் மூடியிருக்கும் ஐஸ் வெடிக்கிற சத்தம் நம் ஊர்ப் பாடி மேம்பாலத்தில் லாரி டயர் வெடிப்பது போலக் கேட்கிறது. மரம் இல்லை, மலை இல்லை, அடிவானம் வரைக்கும் போன வருஷத்துப் புல் பழுப்பாகப் படுத்துக் கிடக்கிறது. அதன் நடுவில் ஓடும்போதுதான் நான் ஒரு ஆள் என்று தோன்றுகிறது. மற்ற நேரமெல்லாம் சுரங்கத்தில் மெஷினுக்கு எண்ணெய் போடுகிறவன்.

கிட்னி விஷயத்தை நான் மறக்கவில்லை. உனக்குச் சர்க்கரை இருப்பதால் நீ கொடுக்க முடியாது, என்னுடையதுதான் அம்மாவுக்குச் சேரும் என்று போன லீவில் டெஸ்ட் எடுத்தபோதே தெரிந்துவிட்டது. கொடுக்கிறேன் என்று சொன்னேன், சொன்னது சொன்னதுதான். ஆனால் ஒன்றை எடுத்த பிறகு நூறு கிலோமீட்டர் ஓடலாமா என்று இங்கே கேட்டால் யாரும் உறுதியாகப் பதில் சொல்வதில்லை. எனக்கு முப்பத்துநான்கு வயது, அக்கா. இந்த ஒரு வருஷம்தான் கேட்கிறேன். டயாலிசிஸில் சில வருஷம் ஓட்டலாம் என்று டாக்டரே சொன்னாரே. அடுத்த ஜனவரியில் நான்காவது பந்தயம் முடிந்த மறுவாரம் விமானம் ஏறுகிறேன்.

அதுவரை போன் வேண்டாம். இப்படிக் கடிதமாக மெயிலில் எழுது. நல்லதை எழுது. கெட்டது இருந்தால் பந்தயம் முடிந்த பிறகு எழுது, தாங்கிக்கொள்வேன்.

மாமாவைக் கேட்டதாகச் சொல். அம்மாவுக்கு என் முத்தம்.

அன்புத் தம்பி
அரவிந்தன்


நெமிலிச்சேரி
17 மார்ச் 2024

அன்புத் தம்பி அரவிந்தனுக்கு,

அக்கா ஆசீர்வாதம். உன் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். மாமா கம்பெனி பஸ்ஸை ஷெட்டில் விட்டுவிட்டு வந்து மூன்றாவது முறை படித்துக் காட்டினார்.

அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஆரு தொரத்துறாங்கோ அவனை?" நான் யாரும் துரத்தவில்லை, அவனாகத்தான் ஓடுகிறான் என்றேன். "நானும் நெல்லு நட்டுகினு, ஸ்கூல் பெருக்கிகினு, ஆயுசு பூரா ஓடினேன். ஒருத்தனும் எனக்குப் பித்தளை குடுக்கல" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கோபமில்லை.

நல்லதை எழுதச் சொன்னாய். அம்மா முகத்தில் வீக்கம் குறைந்திருக்கிறது. திங்கள், புதன், வெள்ளி காலை லோக்கல் ட்ரெயினில் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். எக்ஸ்போர்ட் கம்பெனியில் எனக்கு அந்த மூன்று நாளும் மதிய ஷிப்டு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அம்மா இருக்கும் படுக்கைக்குப் பக்கத்தில் மோகனப்பிரியா என்று ஒரு டீச்சர், இருவரும் நல்ல சிநேகம். மெஷின் ஓடுகிற நான்கு மணி நேரமும் அம்மா அவளுக்கு உன் கதையைத்தான் சொல்கிறாள்.

கஷ்டம் என்றால் தண்ணீர்தான். நாளெல்லாம் சேர்த்து அரை லிட்டருக்கு மேல் கொடுக்கக் கூடாது. வெயில் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, அதற்குள் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ப்ரிட்ஜில் சின்னச் சின்ன ஐஸ் துண்டு செய்து வைத்திருக்கிறேன். கேட்கும்போது ஒன்று வாயில் போடுவேன். உன் ஆறு முழுக்க ஐஸ் என்று படித்ததும், "அம்மாம் பெரிய ஐஸு. ஒரு ஓரத்துல நாக்க வெச்சுகினு படுத்துக்கலாம் போல கீது" என்றாள்.

ஜனவரி என்று எழுதியிருக்கிறாய். சரி என்று எழுத எனக்குக் கை வரவில்லை, வேண்டாம் என்று எழுதவும் வரவில்லை. டாக்டர் சில வருஷம் என்று சொன்னது, எல்லாம் சரியாகப் போனால். அதையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்.

ஒழுங்காகச் சாப்பிடு.

அன்புடன்
அக்கா பானுப்பிரியா


சாஸ்கடூன்
13 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

முடித்துவிட்டேன். ஐம்பது கிலோமீட்டர், ஏழு மணி இருபது நிமிஷம்.

முந்தின நாள் மழை. இந்த ஊர்க் களிமண்ணை மிதித்தால் ஷூவோடு வந்துவிடுகிறது. ஒரு காலுக்கு இரண்டு கிலோ மண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். புல்வெளியில் ஊதாப்பூ பூத்திருக்கிறது, தண்டெல்லாம் பூனைக்குட்டி மாதிரி மயிர். வேலிக் கம்பத்துக்கு ஒன்றாக மஞ்சள் மார்புக் குருவி உட்கார்ந்து, ஆள் வந்தால் பாடுகிறது. வீட்டுக்கு வந்து குளிக்கும்போது முழங்காலுக்குப் பின்னால் நாலு உண்ணி. அம்மா இருந்தால் மண்ணெண்ணெய் தடவியிருப்பாள்.

நாற்பதாவது கிலோமீட்டரில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினேன். மேலே வந்ததும் இரண்டு பக்கமும் காற்று மட்டும்தான். அங்கே எனக்கு அழுகை வந்தது. துக்கம் இல்லை. ஏன் என்று தெரியவில்லை. என்னோடு வேலை செய்கிற டேவ் சொல்கிறான், அது எல்லோருக்கும் வருமாம்.

முதல் பந்தயம் முடிந்தது. இப்போது எழுது, எதுவாக இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புத் தம்பி
அரவிந்தன்


நெமிலிச்சேரி
16 மே 2024

அன்புத் தம்பிக்கு,

நீ கேட்டதால் எழுதுகிறேன். ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதியிலிருந்து மனதில் வைத்திருந்தேன்.

அம்மா கையில் ரத்தக் குழாயைச் சேர்த்து வைத்திருந்தார்களே, அது அடைத்துக்கொண்டது. இப்போது கழுத்தில் ட்யூப் போட்டு அதன் வழியாகத்தான் டயாலிசிஸ். அதில் சீழ் பிடித்து இரண்டு முறை காய்ச்சல் வந்துவிட்டது. நடுக்கம் வந்தால் கட்டிலே ஆடுகிறது. கழுத்து என்பதால் தலைக்குக் குளிக்கக் கூடாது. வெயில் நூற்றியேழு. அம்மாவின் தலையை ஈரத்துணியால் துடைத்து விடுகிறேன்.

பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். "ட்யூப்ல ரொம்ப நாள் ஓட்ட முடியாதும்மா. உங்க தம்பி எப்போ வராரு?" என்றார். ஜனவரி என்றேன். அவர் நாள்காட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, "இப்ப வரச் சொல்லுங்க" என்றார்.

இப்போது வா, அரவிந்தா. பக்கிள் அடுத்த வருஷமும் கொடுப்பார்கள்தானே. பேப்பர், கிட்னி கொடுக்க அனுமதி தருகிற கமிட்டி, டெஸ்ட் எல்லாம் சேர்த்து ஆறு வாரம் ஆகும் என்கிறார்கள். நீ ஜூனில் வந்தால் ஆகஸ்டுக்குள் முடிந்துவிடும். நான் யாரிடமும் கெஞ்சியது கிடையாது. உன்னிடம் கெஞ்சுகிறேன்.

அக்கா
பானுப்பிரியா


சாஸ்கடூன்
26 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பத்து நாள் ஓடவில்லை. ஷூவைக் கட்டுவேன், கதவு வரைக்கும் போவேன், திரும்பி வந்துவிடுவேன். கோடைப் பந்தயத்துக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது. எனக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று உனக்குத் தெரியவில்லை.

டாக்டர்கள் எப்போதும் பயமுறுத்துவார்கள். இங்கே சுரங்கத்தில் ஒருவரின் மனைவி கழுத்து ட்யூபோடு மூன்று வருஷமாக இருக்கிறார், தோட்ட வேலைகூடச் செய்கிறார். நான் ஜனவரியில் வருகிறேன் என்றால் ஜனவரியில் வருவேன். என் உடம்பு, என் கிட்னி, கொடுக்கப் போகிறவன் நான். அதற்கு முன்னால் எட்டு மாதம் கேட்பது தப்பா? பாதிப் பந்தயத்தில் அரை மனதோடு வந்து படுத்தால், கொடுத்ததை நினைத்து வாழ்நாள் முழுக்க உங்கள் மேல்தான் எரிச்சல்படுவேன். அதைவிட முழு மனதோடு வருவது நல்லது.

பந்தயம் முடிந்தால் எழுது என்று நான் சொன்னதுதான் தப்பு. ஒன்று முடிந்தால் அடுத்தது வந்துவிடுகிறது. அதனால் இப்போது தெளிவாகச் சொல்கிறேன். கெட்ட செய்தி எதுவானாலும் ஜனவரிக்குப் பிறகு. எதுவானாலும். இதை எனக்காகச் செய்.

அம்மாவிடம் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்.

அரவிந்தன்


சாஸ்கடூன்
19 ஜூலை 2024

அக்காவுக்கு,

நேற்று மாலை ஏழு முறை போன் செய்திருக்கிறாய். நான் போனுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், கால் விரல்களுக்கு டேப் ஒட்டிக்கொண்டு. வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. எடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது.

நாம் பேசி வைத்துக்கொண்டது என்ன? நான் எழுதியதை நீ படிக்கவே இல்லையா? ஒவ்வொரு தடவை அது அதிரும்போதும் என் ஒரு மாத உழைப்பு கையைவிட்டுப் போவது போல இருந்தது. கடைசியில் போனைத் துணி அலமாரிக்குள் போட்டு மூடினேன். பந்தயம் முடியும் வரை அதை ஆன் செய்யப் போவதில்லை.

உன் மேல் எனக்குப் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் நீ கொஞ்சம் பிறர் நிலைமையையும் யோசிக்க வேண்டும்.

அரவிந்தன்


நெமிலிச்சேரி
23 ஜூலை 2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைச் சனிக்கிழமை படித்தேன். இனிமேல் நான் போன் செய்ய மாட்டேன். அவசரம் என்று நினைத்து அழைத்தேன். இப்போது அவசரம் எதுவும் இல்லை.

அம்மா கழுத்திலிருந்த ட்யூபை எடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானமே ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். திருவேங்கடம் சித்தப்பா குடும்பத்தோடு வந்திருந்தார். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. உன்னைக் கேட்டார்கள். உனக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டேன்.

நீ எழுதியபடியே நடந்துகொள்கிறேன். நன்றாக ஓடு.

அக்கா
பானுப்பிரியா


சாஸ்கடூன்
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

முந்தின கடிதத்தில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன், மன்னித்துவிடு. உன் கடிதத்தைப் பந்தயத்துக்கு முந்தின நாள்தான் திறந்தேன். ட்யூபை எடுத்துவிட்டார்கள் என்ற ஒரு வரி போதும். எனக்குச் சிறகு முளைத்தது போல ஆகிவிட்டது. பார்த்தாயா, நான் சொன்னேனே.

நூறு கிலோமீட்டர். பதினேழு மணி நேரம். வடக்கே காடு எரிகிறது, புகை இங்கே வரைக்கும் வந்து சூரியன் செம்பருத்தி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. பள்ளத்தாக்குக்குள் முப்பத்தைந்து டிகிரி. நம் ஊரில் இதெல்லாம் ஒரு வெயிலா என்று சிரித்துக்கொண்டே போனேன். புல்லுக்குள் படுத்திருக்கும் சப்பாத்திக்கள்ளி ஷூவைத் துளைத்துவிட்டது. இரண்டு பக்கமும் எண்ணெய் விதைப் பயிர், கண் கூசும் மஞ்சள், அதற்குள் ஓடினால் நெஞ்சு வரைக்கும் மகரந்தம். தண்ணீர் தரும் இடத்தில் ஐந்து டம்ளர் ஒரே மூச்சில் குடித்தேன். தண்ணீர் இவ்வளவு ருசியாக இருக்கும் என்று எனக்கு இத்தனை வயதில் தெரியாது.

அக்டோபர்ப் பந்தயம் அடுத்தது. அம்மாவுக்கு இப்போது ஆஸ்பத்திரி எத்தனை நாள்? உன் கடிதத்தில் அம்மாவின் பேச்சே இல்லையே. என் ஓட்டத்தைப் பற்றி என்ன சொல்கிறாள்? எழுது.

அன்புத் தம்பி
அரவிந்தன்


நெமிலிச்சேரி
1 செப்டம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

நீ கேட்டதற்கு எழுதுகிறேன். இப்போது ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை. அம்மா தண்ணீர் கேட்பதில்லை. காய்ச்சல் வரவில்லை. வலி என்று ஒரு வார்த்தை கிடையாது.

உன்னைப் பற்றி இப்போதெல்லாம் அம்மா எதுவும் கேட்பதில்லை.

எனக்குப் பழையபடி காலை ஷிப்டு கிடைத்துவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஆறரை மணி ட்ரெயினில் போகிறேன். திங்கள், புதன், வெள்ளியில் என்ன செய்வது என்று முதலில் தெரியவில்லை. பழகிக்கொண்டேன்.

மாமாவுக்கும் எனக்கும் கொஞ்சம் மனஸ்தாபம். அவர் ஒன்று செய் என்கிறார், நான் மாட்டேன் என்கிறேன். அது எங்கள் விஷயம்.

அக்கா
பானுப்பிரியா


சாஸ்கடூன்
9 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்றாவதும் முடிந்தது. எண்பது கிலோமீட்டர். இலையெல்லாம் ஒரே வாரத்தில் மஞ்சளாகி ஒரே காற்றில் விழுந்துவிட்டது. தலைக்கு மேலே வாத்துகள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே போகின்றன. அறுவடை முடிந்த வயலில் இறங்கி உட்கார்ந்தால் நிலமே கத்துவது போல இருக்கும். ஒரு நரி என்னோடு அரை கிலோமீட்டர் தள்ளித் தள்ளி ஓடி வந்தது.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியே வேண்டாம் என்று படித்தபோது டேவிடம் சொல்லிக் குதித்தேன். அவன், "அப்படியெல்லாம் ஆகாதே, சரியாகக் கேள்" என்றான். அவனுக்கு என்ன தெரியும். மாமா ஏதாவது சித்த வைத்தியம் பார்த்திருப்பார், அதுதான் உங்கள் மனஸ்தாபமா? ஆனாலும் கிட்னி வைப்பதுதான் நிரந்தரம். நான் பின்வாங்கப் போவதில்லை.

அம்மா என்னைப் பற்றிக் கேட்பதில்லை என்று எழுதியிருந்தாய். கோபமா? நீ கொஞ்சம் சமாதானம் செய்து வை. வந்ததும் காலைப் பிடித்துக்கொள்கிறேன், எல்லாம் சரியாகிவிடும். அவள் என் மேல் எத்தனை நாள் கோபமாக இருந்திருக்கிறாள்?

அரவிந்தன்


சாஸ்கடூன்
12 ஜனவரி 2025

என் அன்பு அக்காவுக்கு,

நான்கும் முடிந்தது. நேற்று மைனஸ் முப்பத்தொன்று. இமை மயிர் ஒட்டிக்கொண்டு கண் திறக்கவில்லை, நின்று உள்ளங்கையால் உருக்கிவிட்டு ஓட வேண்டும். முதுகுப் பையிலிருந்து குடிக்கும் தண்ணீர்க் குழாய் உறைந்துபோனதால் கடைசிப் பத்து கிலோமீட்டர் பனியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு ஓடினேன். முடிக்கிற இடத்தில் ஒரு கிழவர் என் கையில் பக்கிளை வைத்தார். உணர்ச்சியே இல்லாத விரல்களால் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் நான் முடித்த ஒரே காரியம் இது.

இப்போது உங்களுக்கான நேரம். டிக்கெட் எடுத்துவிட்டேன், 24ஆம் தேதி காலை சென்னை. சுரங்கத்தில் நான்கு மாத லீவு. இங்கேயே எல்லா டெஸ்டும் எடுத்தேன். டாக்டர், "இவ்வளவு நல்ல கிட்னியை நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று" என்றார். அம்மாவிடம் சொல், ஓடி ஓடிச் சுத்தம் செய்து கொண்டுவருகிறேன் என்று. பெரிய டாக்டரிடம் தேதி வாங்கி வை. கமிட்டிக்கு என்னென்ன பேப்பர் என்று எழுது.

சேர்த்து வைத்த கெட்ட செய்தி ஏதாவது இருந்தால் இப்போது எழுதலாம். நான் தயார்.

உன் தம்பி
அரவிந்தன்


நெமிலிச்சேரி
14 ஜனவரி 2025

அரவிந்தனுக்கு,

இன்று பொங்கல். நமக்கு இந்த வருஷம் பொங்கல் கிடையாது.

அம்மா ஜூலை 19ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்குப் போய்விட்டாள். கழுத்து ட்யூபிலிருந்து ரத்தத்தில் சீழ் கலந்துவிட்டது. மூன்று நாள் காய்ச்சல், பிறகு மூச்சு.

அன்று காலை நினைவு இருந்தது. உன்னைத்தான் கேட்டாள், "நைனாகிட்ட ஒரு வார்த்தை பேசணும்டி" என்றாள். அதற்காகத்தான் அழைத்தேன். ஏழு முறையும் போனை அவள் காதில்தான் வைத்திருந்தேன். மணி அடிப்பது அவளுக்குக் கேட்டது. "எடுக்கலியா? வேலைல கீறானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அப்போது நீ விரலுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாய் என்று எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. உன் கடிதத்தைப் படித்தபோது நான் சுடுகாட்டிலிருந்து வந்து தலையில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தேன். நெருப்பு வைத்தது நான். பிள்ளை இருக்கும்போது பெண் வைக்கலாமா என்று சித்தப்பா தடுத்தார். பிள்ளை எங்கே என்று கேட்டேன், ஒதுங்கிக்கொண்டார்.

உனக்குச் சொல்லியாயிற்று, வர முடியாதாம் என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பொய். நான் சொன்ன ஒரே பொய் அதுதான், அதுவும் உன்னிடம் சொல்லவில்லை. உனக்கு எழுதிய கடிதங்களில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. எடுத்துத் திரும்பப் படி. ட்யூபை எடுத்தார்கள், வீட்டுக்குக் கொண்டுவந்தோம், தண்ணீர் கேட்பதில்லை, வலி இல்லை. டேவ் என்கிற உன் சிநேகிதனுக்குப் புரிந்தது. உனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள உனக்கு விருப்பமில்லை.

மாமா தினமும் சொன்னார். "சொல்லிடு பானு, பாவம்டி அவன், இன்னா இருந்தாலும் பெத்த தாயி" என்று. நான் கேட்காததால் பிறகு இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. நான் ஏன் சொல்லவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். முதல் வாரம், நீ எதுவானாலும் ஜனவரிக்குப் பிறகு என்றாயே, அந்த வார்த்தைக்காக எழுதவில்லை. அப்புறம் உன் கடிதம் வந்தது. தண்ணீர் இவ்வளவு ருசி என்று எழுதியிருந்தாய். அம்மா கடைசி நாள்வரை ஐஸ் துண்டு சப்பிக்கொண்டு கிடந்தாள். அன்றைக்கு முடிவு செய்தேன், நீ நான்கையும் முடிக்க வேண்டும் என்று. ஒவ்வொரு கடிதம் வரும்போதும் நீ இன்னும் சந்தோஷமாக இருக்கிறாயா என்று பார்த்தேன். இருந்தாய். எனக்கு அது பிடித்திருந்தது. வேலைக்குப் போய் வந்து அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். நான் இப்படிப்பட்டவள் என்று எனக்கே முன்பு தெரியாது.

பெரிய டாக்டரிடம் தேதி வாங்க முடியாது.

பானுப்பிரியா


சாஸ்கடூன்
14 ஜனவரி 2025

நீ மனுஷியே இல்லை. ஆறு மாதம். ஆறு மாதம் செத்துப்போன என் அம்மாவைப் பற்றி எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறாய். நான் தப்பு செய்தேன், அதற்கு நீ என்னைத் திட்டியிருக்கலாம், செருப்பால் அடித்திருக்கலாம். ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் அடுத்த விமானத்தில் வந்திருப்பேன். கொள்ளி வைக்க வேண்டியவன் நான். நீ அதைத் திருடிக்கொண்டாய்.

24ஆம் தேதி வருகிறேன். உன் முகத்தைப் பார்த்துக் கேட்கிறேன்.

அரவிந்தன்


அம்பத்தூர்
27 ஜனவரி 2025

அக்காவுக்கு,

ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் இருக்கிறேன். மூன்று நாளாயிற்று.

விமானத்திலிருந்து இறங்கி நேராக நெமிலிச்சேரிக்குத்தான் வந்தேன். கதவில் வேறு யாரோ கோலம் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். உள்ளே ஒரு புதுக் குடும்பம். எதிர்வீட்டு நாகம்மாள்தான் என்னை அடையாளம் கண்டாள். நீங்கள் காட்டுப்பாக்கம் பக்கம் போய்விட்டீர்கள் என்றும், முகவரி யாருக்கும் தராதே என்று நீ சொல்லியிருக்கிறாய் என்றும் சொன்னாள். டீ போட்டுக் கொடுத்தாள். பிறகு, "அன்னிக்கு உனக்கு ஏதோ ஓட்டப் பந்தயம்னு சொல்லிச்சே உங்க அக்கா. ஜெயிச்சியா நைனா?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள். முடித்தேன் என்றேன். "அதுவும் நல்லதுதான்" என்றாள். அந்த டீயை என்னால் குடிக்க முடியவில்லை.

சித்தப்பா கதவைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். சுடுகாட்டில் எந்த இடம் என்று காட்டக்கூட ஆள் இல்லை. வெட்டியான் பேரேட்டைப் புரட்டி, பெயரைக் காட்டி, "கொள்ளி போட்டது பொண்ணு. எனக்கு நல்லா ஞாபகம் கீது. அழவே இல்ல" என்றார். நான் போய் நின்ற இடத்தில் புல் முளைத்திருந்தது. ஆஸ்பத்திரிக்கும் போனேன். மோகனப்பிரியா டீச்சர் இன்னும் அந்தப் படுக்கையில்தான் இருக்கிறார். என் பெயரைச் சொன்னதும், "நீங்கதான் அந்த அரவிந்தனா" என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்குத் தங்கை ஒருத்தி, கிட்னி கொடுக்க அடுத்த மாதம் படுக்கப் போகிறாளாம். வராந்தாவில் உட்கார்ந்து பேப்பரெல்லாம் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

நான் எழுதிய கடிதங்களை லாட்ஜில் உட்கார்ந்து வரிசையாகப் படித்தேன். உன்னுடையதைவிட என்னுடையதைப் படிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. போன கடிதத்தில் உன்னைத் திருடி என்று எழுதினேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நான் நிரபராதி இல்லை. நீ செய்ததும் சின்னக் காரியம் இல்லை. நாம் இருவரும் இப்படி ஆகிவிட்டோம்.

மன்னிப்புக் கேட்டால் தருவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அம்மா என்னிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றாளே, அது என்ன? போனை நான் எடுக்கவில்லை என்று தெரிந்த பிறகு உன்னிடமாவது சொன்னாளா? திட்டியிருந்தாலும் பரவாயில்லை. சாபமாக இருந்தாலும் பரவாயில்லை. அப்படியே எழுது. வியாழக்கிழமை திரும்பிப் போகிறேன். அதற்குள் எழுதினால் போதும்.

தம்பி
அரவிந்தன்


29 ஜனவரி 2025

அரவிந்தனுக்கு,

உன் கடிதத்தை மாமா படித்துவிட்டு அழுதார். லாட்ஜுக்குப் போய் உன்னைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சட்டையை மாட்டினார். போனால் திரும்பி வரும்போது நான் இருக்க மாட்டேன் என்றேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார்.

நீ கேட்டதற்குப் பதில். ஆமாம், சொன்னாள். ஏழாவது முறையும் மணி அடித்து நின்ற பிறகு, கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு என் கையைப் பிடித்து, "சொல்லிடு அவன்கிட்ட" என்று ஆரம்பித்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். மூச்சு வாங்கியதால் இரண்டு முறை நிறுத்தி, முழுசாகச் சொல்லி முடித்தாள். மறக்காமல் சொல்கிறேன் என்று நானும் சத்தியம் செய்தேன்.

அது திட்டு இல்லை. சாபமும் இல்லை. அப்படி இருந்திருந்தால் அன்றைக்கே உனக்கு எழுதியிருப்பேன், ஜனவரி வரை காத்திருக்க மாட்டேன். அதைக் கேட்டால் நீ ஒரு நாள் முழுக்க அழுவாய், மறுநாள் எழுந்து பழையபடி ஓடப் போய்விடுவாய். அப்படிப்பட்ட வார்த்தை அது. அதனால் உனக்கு எழுதப் போவதில்லை. அம்மா சொல்லி நான் செய்யாமல் விட்டது என் ஆயுளில் இது ஒன்றுதான். அந்தப் பாவத்தை நான் சுமந்துகொள்கிறேன்.

மாமாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று நினைக்காதே. அப்போது அவர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். நர்ஸ் திரைக்கு வெளியே இருந்தாள். கேட்டது நான் ஒருத்திதான்.

பானுப்பிரியா